ஊசி உடைந்தால் கொடி தூக்க வேண்டும்

தையல் ஆலையில் மெஷின் ஓட்டுகிறவளுக்கு முதுகு வலிக்கும். மெஷின் ஓட்டுகிறவர்களை ஓட்டுகிறவளுக்கு வயிறு வலிக்கும். இரண்டு வலியையும் அனுபவித்தவள் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன். கடையிலோ ஆபீஸ் கந்தோரிலோ பள்ளிக்கூடத்திலோ, நேற்று வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மேலே இன்று திடீரென்று நிறுத்தி வைக்கப்பட்டு, "நான் யாருக்கு என்ன பாவம் செஞ்சேன்" என்று முழித்துக்கொண்டிருக்கிறீர்களே, உங்களுக்குத்தான். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

கண்டியிலிருந்து வத்தேகமைக்குப் போகிற பாதையில் இருக்கிறது எங்கள் கார்மென்ட். கைக்குழந்தைகளுக்கான சட்டைதான் தைப்போம். உள்ளங்கை அகலத்தில் முதுகு, விரல் நீளத்தில் கை. கல்யாணத்துக்கு முந்தியே அங்கே மெஷினில் உட்கார்ந்தவள் நான். எங்கள் மெஷின் வரிசையை, அதாவது லைனை, பார்த்துக்கொண்டிருந்த சுப்பர்வைசர் வெளிநாடு போனதும், தமிழும் பேசுகிற சிங்கள மனேஜர் என்னைக் கூப்பிட்டார். "சாந்தி, இனி நீ நில்லு. ஆறு மாசம் பார்ப்பேன். சரிவராட்டி திரும்ப மெஷின்தான்" என்றார்.

எனக்குத் திரும்ப மெஷின் கிடையாது என்பது அவருக்குத் தெரியாது. கொஞ்ச நாளாகவே கண் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. ஊசிக் காதைப் பார்த்தால் புகை மாதிரி இருக்கும். பக்கத்து மெஷின் பரமேஸ்தான் யாரும் பார்க்காத நேரம் எட்டி நூல் கோர்த்துத் தருவாள். கண்ணாடி வாங்கிப் பைக்குள் வைத்திருந்தேன், போட்டதில்லை. போட்டால் "வயசாயிருச்சு" என்று பெயர் விழுந்துவிடும், அந்தப் பெயர் விழுந்தவர்கள் எங்கள் தொழிலில் அதிக நாள் நின்றதை நான் கண்டதில்லை. வீட்டுக்காரர் குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட் பக்கம் த்ரீவீல் ஓட்டுகிறார், ஓடினால் உண்டு. பிள்ளைகள் இரண்டும் படிக்குதுகள். ஆகவே, இந்தச் சுப்பர்வைசர் வேலையில் ஒட்டிக்கொண்டால் தப்பினேன், இல்லாவிட்டால் வீடு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மஞ்சள் கோட்

சுப்பர்வைசருக்கு மஞ்சள் கோட். தூரத்தில் வரும்போதே தெரிய வேண்டுமாம். எனக்குத் தந்தது முந்தியவருடையது, தோள் இரண்டும் தொங்கியது. அதை மாட்டிக்கொண்டு முதல் நாள் லைனுக்கு வந்தேன். பேச்சுச் சத்தம் அப்படியே நின்றது. இதே பெண்களோடு நேற்று மத்தியானம் ஒரே தட்டில் கை போட்டுப் பருப்பும் பலாக்காயும் சாப்பிட்டவள் நான். இன்றைக்கு நான் பக்கத்தில் போனால் எல்லாரும் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொள்கிறார்கள்.

சாப்பாட்டு நேரம் இன்னும் மோசம். சுப்பர்வைசர்மாருக்குத் தனி மேசை, தனிக் கதிரை. அங்கே உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டேன். எழும்பிப் பழைய இடத்துக்குப் போனேன். அவர்கள் நகர்ந்து இடம் தந்தார்கள், தந்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். பரமேஸ் எனக்குத் தண்ணிப் போத்தலை நீட்டி, "இந்தாங்க மிஸ்" என்றாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஏன்டி, நீயுமா என்னை மிஸ்ஸுங்கிற?" என்று கேட்டேன். அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"நான் பேர் சொல்லிக் கூப்பிட்டா, நாளைக்கு எனக்கு லேசான வேலை குடுத்தீங்கன்னு நாலு பேர் பேசுவாங்க. எனக்காகத்தான் மிஸ்."

சிரித்தது தப்பு

மணிக்கு மணி எத்தனை சட்டை முடிந்தது என்று பலகையில் எழுதுவார்கள். எழுதுகிறவன் வருவதற்கு முன்பே நான் போய் எண்ணிப் பார்த்துவிடுவேன். ஒரு மெஷின் நின்றால் போதும், நான் ஓட்டம். மெக்கானிக் வவுனியாப் பக்கத்துத் தம்பி. கூப்பிட்டால் "ஓம் அக்கா, வாறன்" என்பான், வருவான், தன்பாட்டில் ஒரு திருகு திருகுவான், மெஷின் ஓடும். ஒரு நாள் நான் அரக்கப்பரக்க ஓடிப் போய்க் கூப்பிட, கையிலிருந்த சாமானைப் போட்டுவிட்டு என் பின்னால் ஓடி வந்தான். பெல்ட் கழன்றிருந்தது, அவ்வளவுதான். மூச்சு வாங்கிக்கொண்டு, "மெஷினுக்கோ? நான் ஆருக்கோ என்னவோ நடந்திட்டுது எண்டெல்லோ நினைச்சன்" என்றான்.

இது மனேஜர் காதுக்குப் போய்விட்டது. "சாந்தி, உன் மூஞ்சியைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு, கொஞ்சம் சிரி" என்றார். சரி, சிரித்துப் பார்ப்போம் என்று மறுநாள் லைன் நெடுக ஒவ்வொருத்தியையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்தேன். நில்மினி என்று ஒரு சிங்களப் பிள்ளை, லைனிலேயே சின்னவள், எங்களோடு பழகித் தமிழ் நன்றாகப் பேசுவாள். என் சிரிப்பைக் கண்டதும் மெஷினை நிறுத்திவிட்டாள். முகம் வெளுத்துப்போயிற்று.

"அனே, ஐயோ மிஸ், யாரை வேலையை விட்டு நிப்பாட்டப் போறாங்க?"

நோன்பு யாருக்கு

கெலிஓயாவிலிருந்து வருகிற ரிஸானாதான் எங்கள் லைனில் கழுத்துப்பட்டி வைக்கிறவள். அவள் கை ஓடுகிற ஓட்டத்தில்தான் மற்ற எல்லாருடைய கையும் ஓடும். நோன்பு மாதம் வந்தது. பின்னேரமானால் இந்தப் பிள்ளை பசியோடு எப்படி இழுப்பாளோ, அவள் தளர்ந்தால் பலகைக்கு என்ன ஆகுமோ என்று எனக்கு ஒரே தவிப்பு. இரக்கமும் பயமும் ஒன்றாகக் கலந்து வந்தால் மனுசி என்ன செய்வாள்? முட்டாள்தனம் செய்வாள். ஒரு நாள் காலையில் அவளைக் கேட்காமலேயே, பட்டன் எண்ணிப் போடுகிற மேசைக்கு மாற்றிவிட்டேன். கதிரை கூடப் போட்டுக் கொடுத்தேன். நான் செய்த புண்ணியத்தை நினைத்து எனக்கே உள்ளுக்குள் குளிர்ந்தது.

மத்தியானம் வரை ரிஸானா பட்டன் எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் இடத்தில் இருந்தவள் கழுத்துப்பட்டியைக் கோணல்மாணலாக வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ரிஸானா எழும்பி நேரே என்னிடம் வந்தாள். கோபத்தில் மூக்கு விடைத்திருந்தது. "நான் வேலைக்கு வந்த நாளிலேர்ந்து நோன்போட தச்சிக்கிட்டுத்தான் இரிக்கேன். ஏலாட்டி நானே சொல்லுவேன்" என்றாள். அவள் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். கோபம் கொஞ்சம் இறங்கியது, சிரிப்பு வந்துவிட்டது போல.

"நோன்பு புடிக்கிறது நான், பசி எனக்கு. நீங்க என்னத்துக்கு மிஸ் மொகம் வாடி இரிக்கீங்க? ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

முனை ஒடிந்த ஊசி

இனிச் சொல்லப்போவது விளையாட்டில்லை. குழந்தைச் சட்டை தைக்கிற இடத்தில் ஒரு சட்டம் உண்டு. ஊசி உடைந்தால் அந்த நொடியே மெஷினை நிறுத்த வேண்டும், பக்கத்தில் செருகியிருக்கிற சிவப்புக் கொடியைத் தூக்க வேண்டும். உடைந்த ஊசியின் துண்டுகளை எல்லாம் தேடிப் பொறுக்கி, ஒன்றோடொன்று பொருத்தி முழு ஊசியாகக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் லைன் நகரக் கூடாது. அந்தத் துண்டு சட்டைக்குள் போய்விட்டால், எங்கேயோ ஒரு தாய் தன் பிள்ளைக்கு அதைப் போட்டுவிடுவாள். பேச்சு வராத பிள்ளை எங்கே குத்துகிறது என்று எப்படிச் சொல்லும்?

கடைசியில் ஓர் இரும்பு பார்க்கிற மெஷின் இருக்கிறது. தைத்து முடிந்த சட்டையெல்லாம் அதற்குள்ளே போய்த்தான் வெளியே வரும். ஒரு நாள் அது கத்தியது. எங்கள் லைன் சட்டை. கை மடிப்புக்குள்ளே மயிர் நுனியளவு இரும்பு. கை மடிப்பு நில்மினியின் வேலை. போய்ப் பார்த்தால் அவள் மெஷினில் முனை ஒடிந்த ஊசி. அதை வைத்துக்கொண்டே தைத்துக்கொண்டிருக்கிறாள். காலையிலிருந்து தைத்த அத்தனையையும் திரும்பப் பிரித்துப் பார்த்தோம். மனேஜர் லைனுக்கே வந்துவிட்டார். "இன்னொரு தரம் அந்த மெஷின் உன் லைனுக்காகக் கத்திச்சுன்னா, கோட்டைக் கழட்டி வச்சிட்டுப் போயிரு" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார்.

அவர் போன பிறகு நில்மினியைத் தனியே கூப்பிட்டேன். ஏச வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். அவள் விம்மி விம்மி அழுதுகொண்டு நின்றாள். "நான் உன்னை ஒரு நாளாவது ஏசியிருக்கேனா நங்கி? ஏன் கொடி தூக்கல?" என்று, தங்கச்சியைச் சிங்களத்தில் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டுக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

"மிஸ் ஏச மாட்டீங்க. மிஸ் பயப்படுவீங்க. அதைப் பார்க்க எனக்கு ஏலாது."

பஸ்ஸுக்குள் சாந்தி

அன்று பின்னேரம் வத்தேகம பஸ்ஸில் பரமேஸுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "என்னா சாந்தி?" என்றாள். அந்தப் பெயரைக் கேட்டதும் அடக்கி வைத்தது உடைந்துகொண்டு வந்துவிட்டது. சீட்டுக் கொடுக்க வந்த கொண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டான்.

நில்மினி சொன்னதைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "எல்லாருக்கும் அப்படித்தான். நூல் அந்துச்சுன்னா கூட உங்கிட்ட சொல்றதில்ல, நாங்களே சரி பண்ணிக்கிறோம். நீ வந்து நின்னா எங்களுக்குக் கை உதறுது" என்றாள். "நான் என்னாடி பண்ண? எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆறு மாசம் முடியப்போகுது, இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?" என்றேன். பஸ் ஒரு வளைவில் திரும்பியது, இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நிமிர்ந்தோம். பரமேஸ் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"பயமா இருக்குன்னு எங்கிட்ட சொல்ற மாதிரி அவங்ககிட்டயும் சொல்லித் தொலையேன். நாங்க என்னா புலியா, கரடியா?"

கொத்தமல்லித் தண்ணி

காலையில் வேலை தொடங்கும் முன் லைனுக்கு முன்னால் நின்று அன்றைய கணக்கைச் சொல்ல வேண்டியது சுப்பர்வைசர் வேலை. மறுநாள் நின்றேன். கணக்கு வாயில் வரவில்லை. "இங்க பாருங்க, எனக்குப் பயம். மனேஜர் நடந்து வர்ற சத்தம் கேட்டா வயிறு கலங்குது. அந்தப் பயத்தை உங்க தலையில ஏத்திட்டேன், மன்னிச்சுக்கங்க. இனி நான் பயந்தா அது என் வயித்துக் கோளாறு, உங்க குத்தம் இல்ல. ஊசி ஒடஞ்சா கொடியத் தூக்குங்க. ஏச்சு வந்தா நான் முன்னால நிக்கிறேன்" என்றேன். சொல்லி முடிக்கவும் என் வயிறு 'கொடகொட' என்று கத்தியது. அப்புறம் ரிஸானா வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள், லைன் முழுக்க வெடித்துவிட்டது.

அடுத்த நாள் என் மேசையில் ஒரு பிளாஸ்க் இருந்தது. திறந்தால் கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டு அவித்த தண்ணி, சூடாக. யார் வைத்தது என்று கேட்டேன். கடைசியில் நில்மினிதான் சொன்னாள்:

"மிஸ்ஸுக்குப் பயம் வந்தா குடிக்க. எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க, எங்களுக்கும் வரும்."

அந்த வாரமே கொடிகள் தூக்கத் தொடங்கினார்கள். கொடி எழும்பும் ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு திக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் ஓடாமல் நடந்து போகப் பழகினேன். பரமேஸ் ஒருத்தியைத் தவிர வேறு யாருக்கும் என் கண் விஷயம் மட்டும் தெரியாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. கண்ணாடி பைக்குள்ளேயேதான் கிடந்தது.

நான் உடைத்தது

ஆறு மாதம் முடிகிற வாரம். பின்னேரம் கன்டெய்னர் வரும், சட்டை ஏற வேண்டும். அன்றைக்கென்று பரமேஸுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன், மகளுக்குக் காய்ச்சல். கன்டெய்னர் வருகிற நாளில் யாரையும் விடுகிற வழக்கமில்லை. அவள் கேட்கவும் இல்லை, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "போ பரமேஸ், உன் மெஷினை நான் பார்த்துக்கிறேன்" என்று அனுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன். கை பழசை மறக்கவில்லை. கண்தான் மறந்துவிட்டது. தோள் தையலில் தடிப்பு வருகிற இடம் தெரியாமல் மிதித்துவிட்டேன். 'டிக்'. ஊசி போச்சு.

ஒரு துண்டு மெஷினிலேயே இருந்தது. ஒரு துண்டு தட்டில் கிடந்தது. முனையைக் காணோம். பக்கத்தில் குவியலாகக் குழந்தைச் சட்டைகள். அந்த இரைச்சலில் யாரும் பார்க்கவில்லை, யாருக்கும் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன், ஒரு கணம் நினைத்தேன். பேசாமல் இருந்துவிட்டால்? முனை தரையில் எங்காவது விழுந்திருக்கலாம். சட்டைக்குள் போயிருந்தாலும் கடைசி மெஷின் பிடித்துவிடும். பிடித்தால் யாரைத் தேடுவார்கள்? இது பரமேஸின் மெஷின். மகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறவளைத் தேடுவார்கள். ஐயோ, என் கை எனக்கே அருவருப்பாக இருந்தது. எழும்பிச் சிவப்புக் கொடியைத் தூக்கினேன். லைன் நின்றது.

மனேஜர் வந்தார். "யாரு?"

"நான்தான் சேர். எனக்குக் கிட்டத்துல இருக்கிறது சரியாத் தெரியிறதில்ல. கொஞ்ச நாளா மறைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான், கோட் போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தரையில் முட்டி போட்டேன். நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் லைன் முழுக்கத் தரையில் இருக்கிறது. "ஒருத்தரும் காலை எடுக்காதீங்க!" என்று ரிஸானா சத்தம் போட்டாள். அவள் சட்டைக் குவியலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் பிரித்தாள். மெக்கானிக் தம்பி காந்தத்தைக் கொண்டு வந்து மெஷினுக்கு அடியில் துழாவினான். நேரம் போய்க்கொண்டே இருந்தது. வெளியே கன்டெய்னர் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. பைக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன், மறைக்க இனி என்ன இருக்கிறது? அப்போதும் அகப்படவில்லை. கண்ணீர் கண்ணாடியை மறைத்தது. அந்த நேரம் எனக்கு எதிரே முட்டி போட்டிருந்த நில்மினி என் கழுத்துப் பக்கம் கையை நீட்டினாள்.

"மிஸ், ஆடாம இருங்க. உங்க கோட்லதான் குத்தி நிக்கிது."

மனேஜர் சொன்னது

துண்டுகளைச் சேர்த்துப் பொருத்தினோம், முழு ஊசி வந்தது. தேநீருக்கு எழும்பச் சொன்னேன், ஒருத்தியும் எழும்பவில்லை, விட்ட நேரத்தைப் பிடிக்கத் தைத்துக்கொண்டே இருந்தார்கள். கன்டெய்னர் டிரைவர் வாயில் வந்ததெல்லாம் பேசிக்கொண்டு காத்திருந்து ஏற்றிக்கொண்டு போனான்.

அடுத்த நாள் காலையில் மஞ்சள் கோட்டைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு மனேஜரின் அறைக்குப் போனேன். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. மேசையில் கோட்டை வைத்தேன். "சேர் சொன்னபடி" என்று மட்டும் சொன்னேன். அவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் சொன்னது அந்த மெஷின் கத்தினா கழட்டச் சொல்லி. நேத்து அது கத்திச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கோட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். "போடு. இனி மாசக் கணக்கு இல்ல." நான் நம்பாமல் நின்றுகொண்டிருந்தேன். அவர் சிங்களத்தில், தனக்குத்தானே பேசுகிற மாதிரி, மெதுவாகச் சொன்னார்:

"உன் லைன்ல கிழமைக்கு நாலு கொடி எழும்புது. மத்த லைன்ல எல்லாம் ஊசி உடையிறதே இல்லையாம். எனக்கு அங்கதான் பயமா இருக்கு."

இப்போதும் காலையில் மஞ்சள் கோட்டை மாட்டும்போது வயிறு கலங்கத்தான் செய்கிறது. ஆனால் பிளாஸ்கை மட்டும் பெரிதாக வாங்கியிருக்கிறோம், மனேஜரும் வந்து ஒரு கப் குடித்துவிட்டுப் போகிறார்.